குரலைப் பூட்டிய எண்

என்னை மறதிக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தீவுகளுக்குப் போகிற படகுகளின் டிக்கெட் கவுன்டரில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் படகு எத்தனை மணிக்கு, கடல் மோசமானால் எது முதலில் நிற்கும், போன வாரம் வரிசையில் புகுந்து சண்டை போட்ட மீசைக்காரர் எந்தத் தீவு, எல்லாம் தலைக்குள் இருக்கும். அதனால்தான் அந்த பாஸ்வேர்டை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. திமிர், வேறென்ன.

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. மெயின்லேண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் சென்னை டாக்டர். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், அதன் வழியாக மூச்சு விடலாம். சாப்பிடலாம், நடக்கலாம், எல்லாம் செய்யலாம், பேச மட்டும் முடியாது. ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க மூன்று வாரம் ஆகும் என்றதால் லீவு எழுதிக் கொடுக்கவும் வீட்டைப் பூட்டவும் போர்ட் பிளேருக்குத் திரும்பி வந்தோம். விமானத்தில் அவள் வாயே திறக்கவில்லை. இப்போதே குரலை மிச்சம் பிடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் குரல் சின்னக் குரல் இல்லை. இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம் அவளுடையது. மரங்களுக்கு நடுவே மேட்டிலிருந்து பள்ளத்துக்குக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் எங்கள் வீட்டு வாசலில் நின்று “என்னங்க!” என்று ஒரு குரல் விட்டால் தெருமுனைக் கடையில் நிற்கிற நான் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் திரும்புவார்கள். நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் பின்னாலேயே வரும், “கேட்டச் சாத்துங்க!” என்று. நான் சாத்திக்கொண்டே இருப்பேன், அப்போதும் வரும். எத்தனை நாள் எரிந்து விழுந்திருக்கிறேன் தெரியுமா.

அந்த மூன்று வாரமும் காலையில் சமையல் முடிந்ததும் அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அங்கேதான் எங்கள் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஒரு மைக்கைச் செருகித் தன் குரலைப் பதிவு செய்தாள். கதவுக்கு வெளியே எனக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும்.

“அப்படி என்னதான் பேசுற?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல. வீட்டுல பேசுறதுதான். வேற என்னத்தப் பேச எனக்குத் தெரியும்?” என்றாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் சொன்னாள்: “நான் திரும்பி வந்தப்புறம் மொதல்ல நாந்தான் கேக்கணும். அது வரைக்கும் யாரும் கேக்கக் கூடாது, நீங்களும்தான். பூட்டி வச்சிருங்க. நம்பர எனக்குச் சொல்லாதீங்க. தெரிஞ்சா இப்பவே தெறந்து கேட்டு அழுதுக்கிட்டு கெடப்பேன்.”

கம்ப்யூட்டரின் டிஸ்க்கை மொத்தமாகப் பூட்டுகிற வசதி ஒன்று உண்டு, பூட்டிவிட்டால் பாஸ்வேர்டு போடாமல் அது விழித்தே எழாது என்று ஆபீசில் ஒருத்தர் சொல்லிக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை வாசலில் டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, அவசர அவசரமாக எண்ணை அடித்தேன். மறுபடி அடி என்றது, அடித்தேன். திரையில் எண் தெரியாது, புள்ளி புள்ளியாகத்தான் விழும். சரி என்றது. அணைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

என்ன எண் போட்டேன் என்றால், என் கவுன்டர் போனின் எண். முன்னால் ஊர்க் கோடு சேர்த்துப் பதினொரு இலக்கம். கவுன்டரின் தகரக் கூரைக்குள் செல்போனில் சிக்னல் வராது. அதனால் மத்தியானம் ஒரு மணிக்கு அந்த மேஜை போன் அடிக்கும். எடுத்தால், “சாப்பிட்டாச்சா?” அவ்வளவுதான். ஆச்சு என்றால் வைத்துவிடுவாள். இருபது வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. அந்த எண்ணை நான் மறப்பேனா?

சென்னையில் ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆபரேஷன், பிறகு ரேடியேஷன் என்கிற கரண்ட் வைத்தியம், பிறகு காய்ச்சல். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை அதை வைத்து என்னைக் கூப்பிட்டாள். டப்பாவுக்குள் மாட்டிய வண்டு போல ஒரு சத்தம் வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்தாளோ என்னவோ, அதைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்தான். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. விடாமல் தட்டினால் நான் என்னவோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். நீளமாகச் சொல்ல வேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுவாள்.

வீட்டைத் திறந்தபோது சுவரெல்லாம் பூசணம். மரக் கதவு ஊதிப்போய் நிலையில் சிக்கிக்கொண்டது. பின்னறைக் கம்ப்யூட்டரின் கீபோர்டில் பாதி விசைகள் அமுங்கியவை எழவே இல்லை, இடுக்கெல்லாம் பச்சைத் துரு. இந்த ஊர் உப்புக் காற்றில் எந்த மெஷினும் முழு உயிரோடு இருப்பதில்லை. எங்கள் ஆபீசிலும் ஒரு விசை போனால் யாரும் புகார்கூடக் கொடுக்க மாட்டோம், போனது போக மிச்சத்தில் ஓட்டுவோம். ஆனால் இது ஓட்டுகிற நிலையில் இல்லை. அந்தக் கீபோர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அபர்டீன் பஜாரில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன்.

அன்று பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா மதில் ஓரமாக வந்து நின்றார். நாங்கள் இல்லாதபோது எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டவர். என் மனைவி உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, ரகசியமாக, “தாதா, ஏக் பாத் போலூ?” என்றார், அண்ணா, ஒன்று சொல்லட்டுமா என்று. சொல்லுங்கள் என்றேன். வீடு பூட்டிக் கிடந்தபோது உள்ளேயிருந்து உங்கள் மனைவியின் குரல் கேட்டது, இரண்டு தடவை கேட்டது என்று எங்கள் தீவு இந்தியில் சொன்னார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் என்ன கேட்டது என்று சொல்லிக் காட்டினார், அவள் இழுக்கிற அதே இழுப்பில்: “கேட்டச் சாத்துங்க.”

“அரே, அவ அப்போ சென்னையில இருந்தாளே!” என்றேன் நானும் இந்தியில்.

“அப்னே கான் ஸே சுனா, தாதா,” என்று தன் காதைத் தொட்டுக் காட்டினார். தன் காதாலேயே கேட்டாராம்.

வேலை இல்லாத பொம்பளை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். ஆனால் வரும்போது கை தானாகப் போய் கேட்டைச் சாத்தியது.

கம்ப்யூட்டரைப் போட்டேன். நீலத் திரை வந்தது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம், பாஸ்வேர்டு கேட்டது. என் மனைவி பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி. பதினொரு இலக்கத்தையும் அடித்தேன். தவறு என்றது. கை தவறியிருக்கும் என்று நிதானமாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன். தவறு. ஊர்க் கோடு இல்லாமல் அடித்தேன். தவறு. அவள் டம்ளரில் ஒரு தடவை மெதுவாகத் தட்டினாள். ஆமாம், இன்னொரு தடவை போடுங்கள் என்று அர்த்தம்.

சாயங்காலத்துக்குள் நாற்பது விதமாக அடித்துப் பார்த்திருப்பேன். கல்யாணத் தேதி, அவள் பிறந்த தேதி, என் ஸ்டாஃப் நம்பர், ஸ்கூட்டர் நம்பர். கடைசியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. போன் நம்பர்தான் போட்டேனா? போடலாம் என்று நினைத்துவிட்டு வேறு எதையோ போட்டேனா? அந்தக் காலை நேரத்தை நினைத்தால் ஹார்ன் சத்தமும் புள்ளிகளும் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தெலுங்குக்காரரிடம் கொண்டுபோனேன். நெடுநாள் பழக்கம். ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். “அண்ணா, இது சாதாரண லாக் இல்ல. பூரா டிஸ்க் லாக். அழிச்சிட்டுப் புதுசா போட்டுத் தரேன், ஆனா உள்ள இருக்குறது போயிரும்,” என்றார். பூட்டும்போது அவசரத்துக்கென்று ஒரு நீள எண் கொடுத்திருக்குமே, அது எங்கே என்று கேட்டார். பென் டிரைவில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அதன் மூக்கு முழுக்கத் துரு. சுரண்டினார், துடைத்தார், செருகினார், உதட்டைப் பிதுக்கினார். “யாத் கரோ, அண்ணா. மறந்தது நீங்க, மெஷின் இல்ல.”

ஞாபகப்படுத்திப் பாருங்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டூலை எடுத்து அவர் தலையிலேயே போட்டிருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் வீடு எனக்குப் பயமாகிவிட்டது.

மழைக்காலம். எங்கள் பக்கத்தில் கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று தடவை போகும், மூன்று தடவை வரும். அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம், கரண்ட் வந்தால் யாரும் தொடாமலே தானாக எழுந்துகொள்ளும். அப்படி ஒரு அமைப்பு உள்ளே இருக்கிறது என்று ரிப்பேர்காரர் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார், தெரியும். தெரிந்து என்ன? கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். மழை அடித்துக்கொண்டிருக்கும். டக்கென்று ஃபேன் சுற்றும், கூடவே பின்னறையில் ஒரு பெருமூச்சு போல அந்தப் பெட்டியின் விசிறி கிளம்பும். கதவிடுக்கில் நீல வெளிச்சம் தரையில் விழும். பட்டப்பகலில், மழை இருட்டில், அந்த வெளிச்சம். உள்ளே அவள் குரல் இருக்கிறது, வெளியே வர எண் கேட்கிறது, எண்ணைத் தர வேண்டியவன் நான், என்னிடம் இல்லை.

ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று ஒரு நாள் போனேன். பின்னால் டம்ளரில் இரண்டு தட்டு விழுந்தது. இல்லை, பிடுங்காதீர்கள். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் குரல் ஒரு பர்லாங்கு முன்னால் வந்து அவள் பின்னால் வருவாள். இப்போது திரும்பினால் நிற்கிறாள். சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து நான் திடுக்கிட்டதை அவளும் பார்த்தாள்.

குளித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு “என்னங்க” என்று கேட்க ஆரம்பித்தது. தண்ணீரை நிறுத்தினால் கேட்காது. திறந்தால் கேட்கும். பெங்காலி அம்மா சொன்னது நினைவுக்கு வந்து ஈரத்தோடு வெளியே வந்துவிடுவேன்.

இன்னொரு மத்தியானம் நான் தூங்கி எழுந்து பார்த்தபோது அவள் அந்த நீலத் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் சுற்றிய துணியின் மேல் ஒரு கை. அந்தத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. விசைகளைத் தொடவே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு இப்படி இதையே பாத்துட்டு இருக்க? விட்டுத் தொலை. உயிர் இருக்குல்ல, அது போதாதா?” என்றேன்.

நோட்டை எடுத்து எழுதினாள். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

“மனசுல நெனைக்கும்போது உள்ள ஒரு கொரல் பேசும்ல? அது இப்ப என் கொரலா இல்ல. ரெண்டு மாசமா வேற யாரோ பேசுறாங்க. பொம்பள கொரல்தான், ஆனா நான் இல்ல. என் கொரல் எப்படி இருக்கும்னு மறந்துருச்சு. ஒரு தடவ கேட்டாப் போதும், திரும்பிப் புடிச்சிருவேன். சீக்கிரம் தெறந்து குடுங்க. உள்ள பேசுறவங்களப் பாத்தா பயமா இருக்கு.”

படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவளுக்கு வேண்டியது ஞாபகார்த்தமாகக் கேட்டு மகிழ ஒரு பதிவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே வேறு ஒருத்தி குடிவந்துவிட்டாள், அவளைத் துரத்த வேண்டும் என்கிறாள் இவள்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். கவுன்டர்காரன் வாய். அன்று சாயங்காலம் மறுபடியும் இருபது தடவை தவறு, தவறு என்று திரை சொன்னதும் கத்திவிட்டேன். “நீதான் எதையோ மாத்திருக்க! நான் டாக்ஸிக்குப் பெட்டி தூக்குறப்போ உள்ள வந்து என்னமோ பண்ணிட்ட. நான் போட்ட நம்பர் எனக்குத் தெரியாதா?”

முன்பென்றால் நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். தெருவே கேட்கும். அந்தத் தடவை என் குரல் மட்டும் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவள் டம்ளரை எடுக்கவில்லை. நோட்டை எடுக்கவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது, காற்று கழுத்துத் துணியில் புஸ்ஸென்று போனது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை நான். கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஆள் விட்டார்கள். நான் மறுபடி வேலைக்குச் சேருவதற்கு முன்னால் ஏழு மாத லீவையும் சரிசெய்து கையெழுத்துப் போட வேண்டும். செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கிற மேடம் கறார் பேர்வழி, ஆபீசில் யாரையும் இந்தி வழக்கப்படி ‘பாய்’, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். என் ஃபைலைப் பிரித்து, நான் ஊருக்குப் போகுமுன் கொடுத்த முதல் லீவு லெட்டரை எடுத்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் நானே அடித்து, அதே பென் டிரைவில் கொண்டுபோய் பஜாரில் பிரின்ட் எடுத்துக் கொடுத்த லெட்டர்.

“க்யா பாய், இது என்ன கூத்து? அங்கங்க பேனாவால எழுதியிருக்கீங்க. ஆடிட்ல கேப்பாங்க. திருத்தினதுக்கெல்லாம் பக்கத்துல சின்னக் கையெழுத்து போடுங்க,” என்றார்.

பார்த்தேன். எல்லாம் அச்செழுத்து, சில எண்கள் மட்டும் நீலப் பேனாவில். ஸ்டாஃப் நம்பரில் ஒன்று. கிளம்புகிற தேதியில் ஒன்று. முப்பது நாள் என்கிற இடத்தில் ஒன்று. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். நான்காவதற்குப் போடும்போது கை நின்றுவிட்டது. நீலத்தில் இருந்தவை எல்லாம் ஒரே எண். மூன்று. எல்லாமே மூன்று.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த நாட்களில் பழைய கீபோர்டில் மூன்று விழாது. வலது ஓரத்து எண்கள் மொத்தமாகப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, மேல் வரிசையிலும் அந்த ஒரு விசை செத்துவிட்டது. லெட்டரில் விட்டுப் போனதைப் பேனாவால் நிரப்பிக் கொடுத்துவிட்டு, அதை ஒரு விஷயமாகக்கூட மதிக்காமல் மறந்துபோனேன். இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். பூட்டிய அன்று என் விரல் பதினொரு தடவை அமுக்கியது, மெஷினுக்குள் ஒன்பதுதான் போனது. இரண்டு தடவையும் ஒன்பது. புள்ளிகளை எண்ணிப் பார்க்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? கவுன்டர் எண்ணில் ஊர்க் கோடில் ஒரு மூன்று, பின்னால் ஒரு மூன்று. புது கீபோர்டு நல்ல கீபோர்டு. எல்லாவற்றையும் ஒழுங்காக அடித்தது, அதனாலேயே திறக்கவில்லை.

“பாய், இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு!” என்று மேடம் கத்துவது பின்னால் கேட்டது. நான் ஆட்டோவில் இருந்தேன்.

வீட்டுக்குப் போனால் கரண்ட் இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. “கெடச்சிருச்சு,” என்று மட்டும் சொன்னேன். இருட்டுத் திரைக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஓட்டில் மழை. அவள் மூச்சு துணியில் போய்ப் போய் வந்தது. ஒரு மணி நேரம் இருக்கும். சட்டென்று பெட்டி பெருமூச்சு விட்டது, நீலம் வந்தது. மூன்றுகளை விட்டுவிட்டு ஒன்பது இலக்கத்தையும் அடித்தேன். திறந்துகொண்டது.

அவள் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்து அழுத்தினாள். பிறகு கதவைக் காட்டினாள். முதலில் அவள்தான் கேட்பாள், அதுதானே ஒப்பந்தம். வெளியே வந்தேன், கதவு சாத்தப்பட்டது. கூடத்தில் நடுவாக நின்றேன்.

“யாரு? இருங்க, வாறேன்,” என்று கேட்டது.

அவளேதான். அந்த மேட்டுக்குரல். அடுத்து, “சிலிண்டரப் பின்னால வச்சிருங்க, தம்பி.” அடுத்து, “மீனு புதுசா? செவுளக் காட்டுங்க.” பேச முடியாமல் போகிறவள் வீட்டில் தேவைப்படும் என்று நினைத்தவற்றையெல்லாம் பேசி வைத்திருக்கிறாள். “சாப்பிட்டாச்சா?” பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, “என்னங்க!”

“ஆங், வந்துட்டேன்,” என்று அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அடுப்படியில் யாரும் இல்லை. பாத்திரங்கள் மட்டும் இருந்தன.

“கேட்டச் சாத்துங்க,” என்றது பின்னறை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. எட்டிப் பார்த்தேன். பெங்காலி அம்மா வாளியைக் கைநழுவ விட்டு நின்றார். “தேக்கா? யஹீ,” என்றார், பார்த்தீர்களா, இதேதான் என்று. பதிவு செய்த நாட்களில் கேட்டதை இவர் குழப்பிக்கொண்டிருப்பார் என்று இன்றைக்கு வரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. அவள் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். ஈ ஆடவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் மறுபடி ஓடவிட்டாள். “என்னங்க!” என்றது பெட்டி. அவள் நோட்டில் எழுதினாள்:

“இது யாரு?”

“யாரா? நீதான்டி! அப்படியே நீதான்!”

டம்ளரில் இரண்டு தட்டு. இல்லை. எழுதினாள்: “என் கொரல் இப்படி இருக்காது. இது கீச்சுன்னு இருக்கு. எனக்குக் கேக்குற கொரல் இது இல்ல. இது யாரோ.”

எனக்கு உறைத்தது. கவுன்டர் மைக்கில் பேசிய என் குரலை ஒரு தடவை யாரோ போட்டுக் காட்டியபோது, எவன்டா இவன் என்றுதான் நானும் கேட்டேன். நம் குரல் நமக்கு உள்ளேயிருந்து கேட்கிறது. மைக் வெளியே நிற்கிறது. அவள் தேடிய குரல் அந்தப் பெட்டிக்குள் ஒரு நாளும் இருந்ததில்லை. அது கழுத்தோடு சென்னையிலேயே போய்விட்டது. இருபது வருடமாக நான் கேட்டதுதான் பெட்டிக்குள் இருந்தது. நான் சத்தியம் செய்தேன், கெஞ்சினேன், பெங்காலி அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன் என்றேன். அவள் பதிவை நிறுத்தினாள். பிறகு எழுதினாள்: “உங்களுக்கு இது நானாத் தெரியுதுல்ல? அப்ப நீங்க வச்சுக்கோங்க.”

“உள்ள பேசுறது?” என்று கேட்டேன்.

“அவதான் இன்னும் பேசுறா. பழகிக்கணும்,” என்று எழுதி நோட்டை மூடினாள்.

பதிவுகளையெல்லாம் அவள் செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தேன். மத்தியானம் ஒரு மணி. வரிசையில் நல்ல கூட்டம். மேஜை போன் அடித்தது. பக்கத்து கவுன்டர் மலையாளிதான் எடுத்தார். என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனது அவருக்குத் தெரியும். ஹலோ என்றவர் அப்படியே வெளுத்துப்போய் ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

காதில் வைத்தேன்.

“சாப்பிட்டாச்சா?”

“ஆச்சு,” என்றேன். இருபது வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“சாப்பிட்டாச்சா?” என்றது மறுபடி, அதே இழுப்பில், அதே இடத்தில் மூச்சு வாங்கி. அவளுக்கே தெரியாத யாரோ ஒருத்தி என் வீட்டிலிருந்து அவள் குரலில் என்னைக் கேட்கிறாள்.

“அது இருக்கட்டும்,” என்றேன். “நீ சாப்பிட்டியா?”

வீட்டு போன் ரிசீவரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது, பின்னால் மழை. பிறகு டம்ளரில் ஸ்பூன் விழுந்தது. ஒன்று. நிறுத்தி, இன்னொன்று.

இல்லை.

தட்டியது அவள்தான். அது யார் என்று எனக்கும் சந்தேகம் இல்லை, அவளுக்கும் இருந்திருக்காது. வரிசையில் நின்றவர்கள் கத்தக் கத்த, கவுன்டரை மலையாளியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.